அலுமாரிக்குப் பின்னால் பாதிப் படம்

அம்பிட்டியப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கணக்குப்பிள்ளை. எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது வயிற்றில் இருந்தபோது, அழகான பிள்ளைப் படத்தைத் தினமும் பார்த்தால் பிள்ளையும் அப்படியே பிறக்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சொன்னார்கள். அந்தக் காட்டில் படத்துக்கு எங்கே போவது? தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பழைய சீமைப் புத்தகம் ஒன்றைக் கறையான் தின்றிருந்தது. அதில் தப்பிய தாள் ஒன்றை இவர் கேட்டு வாங்கிவந்து, கஞ்சிப் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். ஓரமெல்லாம் பூவும் கொடியும். நடுவில் சுருட்டை முடியோடு கொழுகொழுவென்று ஒரு பிள்ளை. மரக்கட்டையில் செதுக்கி, மை பூசி ஒற்றிய படமாம். தினமும் அதன் முகத்தில்தான் கண் விழித்தேன்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. நனையாமல் இருக்க அலுமாரியை நகர்த்தினோம். ஐயோ! தாளின் அடிப்பாதி அதன் பின்னால் இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கால் இல்லை. தொப்புளுக்குக் கீழே ஒரே இலையும் கொடியுமாய்ச் சுருண்டு கிடந்தது.

"இதையா கொண்டாந்து ஒட்டுனீங்க?" என்று கத்தினேன்.

"மொகம் நல்லா இருந்துச்சேன்னு கீழ்ப்பக்கத்த மறைச்சு ஒட்டுனேன். சும்மா அலங்காரத்துக்குச் செதுக்கினதாம். தொரைகிட்டக் கேட்டேன், சிரிக்கிறாரு."

"அவருக்கென்ன, சிரிப்பாரு. சொமக்கிறது நானுல்ல?"

கிழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிள்ளைப் படத்தைக் கிழிப்பதா? பழைய சேலையைப் போட்டு மூடினேன். மூடி என்ன பயன், பார்த்தது பார்த்ததுதானே. அடுப்படியில் நின்றாலும் அந்தச் சுருள்தான் கண்ணுக்குள் வந்தது. சோறு இறங்கவில்லை. வயிற்றில் உதை விழும்போது மட்டும் உயிர் வரும். காலில்லாமல் எப்படி உதைக்கும்? பிள்ளை உதைக்கிறது என்று சொல்லப்போக, அந்த நிம்மதியையும் மருத்துவச்சி கெடுத்தாள். "கையாலயும் இடிக்கும்டி, தலையாலயும் முட்டும்," என்றாள். என் பயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று இருந்தது.

வலி வந்தபோது முக்கவே பயந்தேன். உள்ளேயே இருக்கும்வரை அது எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாதே. மருத்துவச்சி திட்டித் திட்டித்தான் வெளியே எடுத்தாள். அழுகை கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என்ன பிள்ளைன்னு கேக்க மாட்டியாடி?"

"காலு இருக்காக்கா?"

ஈரமாய் ஒரு குட்டிப் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னொண்ணு?" என்றேன்.

திட்டிக்கொண்டே அதையும் வைத்தாள். இரண்டையும் பிடித்துக்கொண்ட பிறகுதான் அழுதேன்.