கட்டைவிரல் உயரப் பரோட்டா மாஸ்டர்

ரிப்பன் கேட்டு வந்த அம்மாளிடம் ரிப்பனை எடுத்துக் கொடுக்காமல், "கொஞ்சம் அந்தாண்ட திரும்புங்க" என்கிறாள் அப்ஸானா. அந்த அம்மாளும் திரும்புகிறார். இடுப்பில் செருகிய சுருக்குப்பையும் ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டையும் தெரிகின்றன. கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்திருக்கும் டேப்லெட்டில் அப்ஸானாவின் விரல் நாலு இழுப்பு இழுக்கிறது. ரிப்பன் அதற்கப்புறம்தான் வரும். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவளுடைய ஃபேன்சி ஸ்டோருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இப்படித் திரும்பியிருப்பார்கள். எதற்கென்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். சும்மாவாம்.

அவள் பொம்மை செய்கிறாள். வெளிநாடுகளில் பெரியவர்களே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கட்டைவிரல் உயர வீரர்களையும் டிராகன்களையும் நகர்த்தி ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பொம்மைகளைக் கணினியில் வடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும். எந்த ஊர்க்காரரும் அந்தக் கணினிக் கோப்பை இறக்கி, வீட்டு 3டி பிரிண்டரில் பொம்மையாக அச்செடுத்து, வர்ணம் பூசிக்கொள்ளலாம். அப்ஸானா இலவசமாக ஏற்றுகிறாள். நானும் அதே தளத்தில் இலவசமாகத்தான் ஏற்றுகிறேன். அவளுடையதை இறக்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில். என்னுடையதை இறக்கியவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

எழுதும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும்.

இந்த வித்தையை அவளுக்குக் காட்டியதே நான்தான். பள்ளியில் ஒரே பெஞ்சு. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும் வீட்டில் இருந்துகொண்டு வேறு என்ன செய்வேன், தளபதி, பீரங்கிக்காரன், குதிரைப்படை என்று செய்தேன். கவசத்தின் ஒவ்வொரு ஆணியையும் தனித்தனியாக வைத்தேன். அவளோ அவலூர்பேட்டை பஸ் கண்டக்டரைச் செய்தாள். கூடையோடு குந்தியிருக்கும் சீத்தாப்பழக்காரியைச் செய்தாள். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர், டூரிஸ்ட் ஒருவரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்ட குரங்கு. டிராகன் வந்து எரிக்க ஓர் ஊர் வேண்டும், ஊரென்றால் ஜனங்கள் வேண்டும் என்பதால் வெள்ளைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். சீத்தாப்பழங்களுக்குத் தங்க வர்ணம் அடித்து டிராகன் முட்டை என்று வைத்திருக்கிறார் ஒருவர்.

"கோட்டைய யாரு வேணாலும் செய்வாங்க. குதிரையும் அப்படித்தான். மூஞ்சிய செய்யணும்டி." இது எனக்கு அவள் கொடுத்த அறிவுரை. நான் கேட்கவில்லை.

வாயில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலை இருக்கும், எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. தோலை டேப்லெட் மேலேயே ஊதுவாள். அந்தப் பகடை ஆட்டத்தை அவள் ஒருமுறைகூட ஆடியதில்லை. தாயக்கட்டை மாதிரி ஏதோ ஒன்று என்பதோடு அவள் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஆனால் வருகிற பாராட்டுகளை மொழிபெயர்த்துப் படித்துக்காட்ட எனக்குத்தான் போன் வரும். போலந்தில் ஒருத்தர் கண்டக்டருக்குப் பச்சை அங்கி பூசி மந்திரவாதி ஆக்கிவிட்டாராம், விசில் ஊதினால் எதிரி உறைந்துபோவானாம். இவ்வளவு பேசுகிறவள் என் பக்கத்தில் ஒரு லைக் போட்டதில்லை. கேட்டால், "நெட்டு ஸ்லோவா இருக்குதுடி" என்பாள். போலந்துக்குப் போகிற நெட்டு எதிர்த் தெருவுக்கு வராது.

என்னிடம் இருந்து அவளிடம் இல்லாத ஒன்று பிரிண்டர். பிசின் திரவத்தில் பொம்மையை வளர்க்கும் சின்ன இயந்திரம். அப்ஸானா தன் பொம்மைகளில் ஒன்றைக்கூடக் கையில் தொட்டதில்லை. என்னிடம் கேட்டுவிட்டால் கௌரவம் குறைந்துவிடும். போன வாரம் அந்தக் கௌரவத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். போர்ச்சுகலில் ஒரு விளையாட்டு மன்றம் வருடாந்திரத் திருவிழாவுக்காக மேஜைமேல் ஒரு முழு ஊரையே அமைக்கப்போகிறது. அதற்கு ஒரே ஒருவரின் பொம்மைகளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானும் விண்ணப்பித்திருந்தேன், அவளும் விண்ணப்பித்திருந்தாள். அச்செடுத்த புதுப் பொம்மையின் படம் அனுப்புவது கட்டாயம்.

"ஷோபனா, இத ஒண்ண மட்டும் போட்டுக் குடுடி" என்று பென்டிரைவை நீட்டினாள்.

கோப்பைத் திறந்தேன். பரோட்டா மாஸ்டர். மாவை வீசுகிறார், மாவு முந்தானை போல விரிந்து காற்றில் நிற்கிறது. அங்கேதான் அவள் தவறு செய்திருந்தாள். இந்த இயந்திரத்தில் பொம்மை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அடுக்கடுக்காக வளரும். பிடிமானம் இல்லாமல் தொடங்குகிற பகுதி ஒட்டாமல் திரவத்துக்குள் விழுந்துவிடும். அதனால் ஊசி மாதிரி முட்டுகள் கொடுக்க வேண்டும். மாவு வீச்சுக்கு அவள் ஒரு முட்டும் கொடுக்கவில்லை. இத்தனை நாளும் அந்த வேலையை இறக்கியவர்களே பார்த்துக்கொண்டார்கள், அவளுக்குத் தெரியவே இல்லை.

அப்படியே பொத்தானை அமுக்கினால் மாஸ்டர் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். படம் அனுப்ப மறுநாள்தான் கடைசி, மறுபடி போட நேரம் இல்லை. பழி என் மேல் வராது. எனக்கு அந்தத் திருவிழா வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவராவது என் குதிரையைப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியிருந்தது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

அப்புறம் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தொலைத்தேன். திண்டிவனம் ரோட்டுக் கடைக்காரர்தான். கழுத்தில் ஈரத் துண்டு. உட்கார்ந்து சாப்பிட வந்தவர்கள் காத்திருக்கும்போது யாரோ பத்துப் பரோட்டா பார்சல் சொல்லிவிட்ட கடுப்பு, புருவத்தில் அப்படியே இருந்தது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கடுப்பை எப்படி வைத்தாள், பாவி. திட்டிக்கொண்டே முட்டு கொடுத்தேன். ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு திட்டு. பெருந்தன்மை எல்லாம் இல்லை. அந்த முகத்தை என் மெஷினில் பாழாக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கழுவிக் காயவைத்த மாஸ்டரை அவள் உள்ளங்கையில் வைத்தேன். வாயிலிருந்த மல்லாட்டையை மெல்வதையே மறந்து நின்றாள். அழுதுவிடுவாளோ என்றுகூடப் பயந்தேன்.

"மாவு இன்னும் கொஞ்சம் மெலிசா வரலையா?" என்றாள்.

பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று டீ போட உள்ளே போனேன். அவள் மாஸ்டரை டிஷ்யூ தாளில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, கைப்பையின் உள்ளறையில் வைப்பது அடுப்படியிலிருந்து தெரிந்தது.

டம்ளர்களோடு திரும்பியவள் கதவருகே நின்றுவிட்டேன். அப்ஸானா எனக்கு முதுகைக் காட்டி அலமாரி முன் நின்றிருந்தாள். கையில் நான் அச்செடுத்து வைத்திருந்த குதிரைக்காரன் பொம்மை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காற்றில் பறக்கும் குதிரை வாலை நகநுனியால் ஒவ்வொரு முடியாகத் தடவினாள். திரும்பத் தடவினாள். அந்தக் கோப்பு இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டு, போட்டுக் கொடுடி என்றால் போட்டுக் கொடுத்திருப்பேன். அவள் கைப்பையைத் திறந்தாள். பரோட்டா மாஸ்டரை வெளியே எடுத்து, சுற்றியிருந்த டிஷ்யூவைப் பிரித்து, அவரை வெறுமனே பைக்குள் போட்டாள். அந்த டிஷ்யூவில் என் குதிரையைச் சுற்றி உள்ளறையில் வைத்து, சத்தம் வராதபடி ஜிப்பை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தாள்.