வேகம் வந்த ஒரு பின்னேரம்

வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த நெட் கபேயின் மந்தத்தை யாராலும் திருத்த முடியாது என்று முதலாளி முடிவுகட்டியிருந்தார். என்னால் முடியும் என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான் மட்டும்தான்; அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து, என்ன வேலை என்று ஆமிக்காரன் கேட்டால், "கொம்பியூட்டர் டெக்னீஷியன்" என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன்.

கடையின் எல்லாக் கணினிகளுக்கும் இணையம் மாடிப்படிக்குக் கீழிருந்த ஒரு பழைய பெட்டியின் வழியாகத்தான் வரும். அதுதான் ப்ராக்ஸி சேர்வர். ஒருவர் பார்த்த பக்கத்தைத் தன் டிஸ்க்கில் வைத்திருந்து, அடுத்தவர் கேட்கும்போது அது சட்டென்று கொடுக்க வேண்டும். எங்களுடையது எதையுமே சட்டென்று கொடுத்ததில்லை.

"அக்கா, உங்கட நெட் வாறதுக்குள்ள யாழ்தேவி வந்திடும்" என்றான் ஒரு பொடியன். அந்த ரயில் யாழ்ப்பாணத்துக்கு ஓடாமல் நின்று பல வருடங்களாகியிருந்தன. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

சிரிக்காமல் இருந்தவர் ஓர் அன்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தார். ஒரே மகளுக்கு லண்டனில் கலியாணம் நடந்தபோது இவருக்கு விசா கிடைக்கவில்லை. தபாலில் அனுப்பிய சீடியும் வந்து சேராததால், மகள் வீடியோவை இணையத்தில் ஏற்றியிருந்தாள். அன்ரி தினமும் வந்து அதை இறக்கப் பார்ப்பார். பாதியைத் தாண்டாமல் அறுந்துபோகும். வேறு கடைக்குப் போகப் பயந்தார். எங்கள் முதலாளி அவருடைய ஊர்க்காரர். அடுத்த நாள் விடிய அவருக்கு விமானம். தொலைபேசியே ஒழுங்காக வேலைசெய்யாத ஊருக்கு.

அன்று கேபிளை மாற்றினேன். சேர்வரில் சேர்ந்து கிடந்த பழைய பக்கங்களை அழித்தேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு கணினியை ப்ராக்ஸியிலிருந்து கழற்றி நேராக லைனில் போட்டதும் சோதனைக்கு இறக்கிய கோப்பு ஓடி வந்தது. ஆக, பிழை பெட்டிக்குள்தான். அதன் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தேடியபோது தெரிந்தது: யார் எதை இறக்கினாலும், துண்டு துண்டாக அதன் பிரதியொன்றை எழுதி வைத்த பிறகே ஆளுக்குக் கொடுக்கும்படி அமைத்திருந்தார்கள். கிழட்டு டிஸ்க் எழுதி எழுதிக் களைத்திருந்தது. பிரதி எடுப்பதை நிறுத்தினேன்.

கடை முழுக்க ஒரு சத்தம் எழும்பியது. "அக்கா, யாழ்தேவி வந்திட்டுது!" என்று அதே பொடியன் கத்தினான். அன்ரியின் வீடியோ பாதியைத் தாண்டியது. முதன்முதலாக.

முதலாளி ஓடி வந்தார். "என்ன செய்தனீர்?"

பெருமையோடு சொன்னேன். அவருடைய முகம் வெளுத்தது.

"அது நான் சொல்லிப் போடுவிச்சது பிள்ளை. 'உன்ர கடையில ஆர் என்ன எடுத்தவன்' எண்டு பொலிஸ் ஸ்டேஷன்ல என்னை விடிய விடிய வச்சுக் கேட்டவங்கள். காட்ட என்னட்ட ஒண்டும் இருக்கேல்ல. இனி அப்பிடி இருக்கேலாது. திருப்பிப் போடும்."

"நெட் இப்பிடி இருந்தா ஆக்கள் வரமாட்டாங்க சேர்."

"வராட்டிப் போகட்டும்."

"அன்ரிட மட்டும் முடியட்டும். கொஞ்ச நேரம்தான்."

"லண்டனில இருந்து வாற சாமானைத்தான் பொலிஸ் முதல்ல கேக்கும்; அது பிரதி இல்லாமல் வருது. அதுதான் முதல்ல நிக்க வேணும்."

பழையபடி மாற்றி சேர்வரை நிறுத்தித் தொடக்கினேன். வந்துகொண்டிருந்த எல்லாம் அறுந்தன.

"நிண்டிட்டுது பிள்ளை" என்றார் அன்ரி. "வந்த மட்டும் போட்டுக் காட்டனம்மா. தாலி கட்டுறது முன்னுக்குத்தானே வரும்?"

"அரைவாசி வந்தது திறக்காது அன்ரி."

"நீர் படிச்ச பிள்ளை. ஏதும் வழி இருக்கும், பாரும்."

வழி இருந்தது. ஆனால் நேர் லைனில் போட்டிருந்த கணினியின் வயரை முதலாளி ஏற்கெனவே கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாதிக் கோப்பை அழுத்தினேன். திறக்க முடியாது என்று திரை சொன்னது. அன்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் மறுபடியும் அழுத்தினேன்.