கள்ளு மண்டியும் கிராணியின் காலும்

துறைமுகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா உத்தியோகம், கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், புழுங்கல் அரிசியை நிறுத்தியதுதான். மூட்டை தூக்குகிறவர்கள் தின்கிற சோற்றையே கிராணியும் தின்பதா என்ற கொழுப்பு. சீனர் கடையிலிருந்து நன்றாகத் தீட்டிய சயாம் பச்சரிசி வந்தது. என் மனைவி அதைத் தொடவில்லை. தனக்கு மட்டும் பழைய அரிசியையே வடித்துக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் என் கால் மரத்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தேன். பிறகு வீக்கம், மூச்சிரைப்பு. தொங்கான் படகில் ஏறி மூட்டைகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஏணியில் கால் வைக்க முடியாதவனை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை கிடக்கட்டும், இதே நோயில் நெஞ்சடைத்துச் செத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். பயந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் தமிழர். என் காலை அமுக்கினார். குழி அப்படியே நின்றது.

"பெரிபெரி லா. தீட்டின பச்சரிசியில சத்து போயிடுது, அதான் இந்த நோய். புழுங்கலுக்கே மாறுங்க. கள்ளுக்கடையில பானைக்கு அடியில தங்குற மண்டிய வாங்கி, கொதிக்க வச்சு தினம் குடிங்க."

"கள்ளா? நான் மதுவிலக்குச் சங்கத்துக்காரன்!"

"போதை ஆவியாப் போயிடும், கிராணியாரே. கள்ளைப் புளிக்க வைக்கிற சின்னச் சின்ன உயிருங்க, கண்ணுக்குத் தெரியாது, அதுங்கதான் அந்த மண்டி பூரா. அதுங்க உடம்புல இருக்கிற சத்துதான் உங்களுக்கு மருந்து."

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கள்ளுக்கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் மானத்தை வாங்கியிருந்தேன். எந்த முகத்தோடு போவது? மாட்டேன் என்றேன். மனைவி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போய்விட்டாள். குடிக்க நின்றவர்கள் விலகி வழிவிட்டார்களாம். "கிராணியாருக்கா அக்கா?" என்று ஒருவன் கேட்க, "ஆமா, அவருக்குத்தான்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாளாம். சங்கத்தில் என் பேர் நாறியது.

அந்தப் புளித்த கூழை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். சில நாளில் மூச்சு சீரானது, வீக்கம் வடிந்தது. உயிருக்கு மோசமில்லை, அப்பாடா என்றிருந்தது. பாதம் மட்டும் மரக்கட்டையாகவே கிடந்தது. தினமும் அவள் கிள்ளிப் பார்த்து, "தெரியுதா?" என்பாள். தெரியவில்லை என்பேன்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு காலை, காபி ஆற்றும்போது கை தவறி என் பாதத்தில் கொட்டிவிட்டாள்.

"ஐயோ, சுடுது!" என்று காலை இழுத்தேன்.

வழக்கமாக இதற்கெல்லாம் நான் போடுகிற கத்தலில் அடுத்த வீடு எழுந்துவிடும். அன்று அவள் டம்ளரைப் பிடித்தபடி அழுதாள். நான் பாதத்தை மறுபடி அவள் பக்கம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றேன்.