மூன்று பெட்டிகளில் வந்த ரெஞ்ச்

எங்கள் கார் ஆனையூர் வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றது. கல்யாணமான வருடம் நானும் கணவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார். அவர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருந்ததால் ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது எல்லாம் நானே. அடுத்தது பிரேக். அதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வீல் நட்டுதான் அசையவில்லை.

பஞ்சர் கடையில் ஸ்பேனருக்குப் பைப் மாட்டி, ஏறி மிதித்து முறுக்கிவிட்டிருந்தார்கள். அதைக் கழற்ற நானும் ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். அத்தை, கணவரின் அம்மா, வாசற்படியில் இருந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏத்தா, நீ ஏறி நின்னா நட்டு எங்கிட்டு அசையும்? காத்தடிச்சா நீதான் அசைவ."

அந்த வெள்ளிக்கிழமை கணவரிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். "பேட்டரியில ஓடுற இம்பாக்ட் ரெஞ்ச் இங்க கடையில கெடக்கு. அடிச்சு அடிச்சுக் கழட்டிரும். எது வேணும்னு நீயே சொல்லு."

கேள்விகளை வரிசைப்படுத்தாமல் நான் எதையும் வாங்கியதில்லை. எத்தனை வோல்ட், எவ்வளவு முறுக்கு விசை, முனை அரை அங்குலமா, நம் ஊர் மின்சாரத்துக்குச் சார்ஜர் ஒத்துவருமா, எடை என்ன. அடுத்த வாரம் கடையில் பார்த்துவந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு மாடல்கள். பன்னிரண்டு வோல்ட்டில் சின்னது ஒன்று, கைக்கு அடக்கம். எங்கள் கார் நட்டுக்கு அது தாராளமாகப் போதும். மற்றது பதினெட்டு வோல்ட், நல்ல கனம்.

ஊருக்கு வரவிருந்த நண்பர் ஒருவரின் பெட்டியில் சின்னதற்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார். பெரியதைக் கேட்டால் என் கணவரேதான் நேரில் கொண்டுவர வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்த லீவு தீபாவளிக்குப் போய், தீபாவளியும் போய்விட்டிருந்தது.

"பெரிசு" என்றேன். "துருப்பிடிச்ச நட்டுக்குச் சின்னது பத்தாது."

"அம்புட்டு எடைய யாருக்கிட்ட குடுத்து விடுறது?"

போன் கார்டில் காசு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"சரி, பாக்குறேன்" என்றார்.

அங்கே இருக்கிறவர்களின் வழக்கம் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. யார் ஊருக்குக் கிளம்பினாலும் மற்றவர்களின் சாமானுக்குப் பெட்டியில் கொஞ்சம் இடம் விடுவார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ரெஞ்ச் மேலூர்க்காரர் பெட்டியில் வந்தது. பேட்டரி, அழகர்கோவில் போகிற வழியில் வீடுள்ள இன்னொருவரிடம். சார்ஜர், கோரிப்பாளையம் பாய் ஒருவரிடம். மூன்று வீட்டுக்கும் ஸ்கூட்டரில் போய் வாங்கினேன்.

பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள். "மெசினக் கொண்டாந்தவரு கதயக் கேட்டீங்களாம்மா? திருச்சி ஏர்போர்ட்டுல ஸ்கேன்ல பாத்துட்டு, துப்பாக்கின்டு நாலு பேரு ஓடியாந்துட்டாய்ங்களாம். நட்டு கழட்டுற மெசின் சார்ன்டு இவரு சொல்ல, அதுக்கு ஒருத்தன், ஒனக்கு எந்த நட்டுய்யா கழண்டுச்சுன்டு கேட்டிருக்கான்."

நானும் சிரித்தேன். பிறகு, "எங்க வீட்டுக்காரரு எப்படி இருக்காரு, பாய்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காரும்மா. கொஞ்சம் எளச்சிருக்காரு. சார்ஜர அவரே சுத்தி எம்பெட்டியில வச்சாரு."

சார்ஜரைச் சுற்றியிருந்தது அவர் போகும்போது நான் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டை. காலர் நைந்திருந்தது. நான் அறியாத ஒரு சோப்பு வாசனை அதில் இருந்தது.

திரும்பும்போது கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. நின்ற இடத்தில் ஒரு டூல்ஸ் கடை. கண்ணாடிக்குப் பின்னால் நீளமான டார்க் ரெஞ்ச் ஒன்று. அளவான விசையில் நட்டை இறுக்குவதற்கு அதுதான். விலைச்சீட்டுகூட ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பேட்டரியை மாட்டி விசையை அழுத்தினேன். டகடகவென்று நாலு அடி. நட்டு கையோடு வந்துவிட்டது. அத்தை அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அவன் வந்து கழட்டியிருந்தா ஒரு வாய் காப்பித்தண்ணியாச்சும் குடிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "கழண்டுச்சா?"

"கழண்டுச்சு."

"நாந்தான் சொன்னேன்ல. அடுத்து என்ன வேணும், சொல்லு."

"டார்க் ரெஞ்ச். இத வச்சே இறுக்குனா மறுபடி அதே கததான். ஆனா அதப் பிரிச்சு அனுப்ப முடியாது. கீழ போட்டா அளவு மாறிரும். தெரிஞ்ச ஆளுதான் பத்திரமாக் கொண்டு வரணும்."

"அது மதுரையிலேயே கெடைக்குமே புள்ள."

நீலச் சட்டை மடியில் இருந்தது. இன்னும் துவைக்கவில்லை.

"கெடைக்காது. எல்லாக் கடையிலயும் பாத்துட்டேன்."

கார்டில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்ற பீப் சத்தம் கேட்டது.

"எம்புட்டு எடை இருக்கும்?"

"ஒரு ஆளு தூக்கிட்டு வர்ற எடைதான்" என்றேன்.