எதிர்வீட்டுக் கதவு

போன் அதிர்ந்ததும் ஹியாம் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள். திரையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உம் ரம்ஸி ஒரு தட்டோடு வெளியே வந்தாள். தட்டைத் துணி மூடியிருந்தது. விளிம்பு மட்டும் தெரிந்தது. நீலக் கரை. ஹியாமின் தட்டு.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள். காலடிச் சத்தம் மாடிப்படி ஏறிப் போனது.

அம்மானில் அந்த வாடகைக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன வருஷம் எல்லா வீட்டுக்கும் சாவியில்லாத பூட்டும் கேமரா வைத்த அழைப்புமணியும் போட்டார். வாடகையை ஏற்ற அது ஒரு சாக்கு. அதற்குமுன் உம் ரம்ஸி வீட்டுச் சாவி ஹியாமிடமும், ஹியாம் வீட்டுச் சாவி உம் ரம்ஸியிடமும் இருந்தன. இப்போது சாவியும் இல்லை, கொடுத்து வைக்க அவசியமும் இல்லை. ஹியாமின் மணியிலிருந்த கேமரா நேரே எதிர்வாசலைப் பார்த்தது; அங்கே யார் வந்தாலும் அவள் போன் அதிர்ந்தது.

ஹியாமின் மகன்கள் குவைத்தில். கணவர் நாஸிம் பகலெல்லாம் டாக்ஸி ஓட்டினார். அவள் தையல் மெஷினில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கதவு யார் யாருக்குத் திறக்கிறது என்று பார்த்தாள். தனக்கு மட்டும்தான் திறக்கிறது என்று நினைத்திருந்தவள் அவள். யாரோ சிரித்துக்கொண்டு உள்ளே போகும்போதெல்லாம் ஊசி தடம் மாறியது.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை அங்கே யாரும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. போன வாரம் ஹியாம் திராட்சை இலையில் சோறு சுருட்டி அனுப்பிய தட்டு அது. அது நிரம்பி, மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த தாலாவிடம் போய்விட்டது.

எதுவும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துதான் நோன்பு திறந்தபிறகு எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். உம் ரம்ஸி கதவைத் திறந்ததும் வாய் முந்திக்கொண்டது.

“என் தட்டு மாடியேறிப் போச்சே. என் வீட்டுக்கு வழி மறந்துபோச்சா அதுக்கு?”

உம் ரம்ஸி சிரித்துவிட்டாள். “புள்ள பெத்து தனியா கெடக்குறாடி அவ. எங்க வீட்டுல பார்வையா இருந்த தட்டு உன்னுது ஒண்ணுதான். ஒனக்குப் பெருநாளைக்கு நெறைய வச்சுத் தரலாம்னு இருந்தேன்.” சிரிப்பு பாதியில் நின்றது. “படியில யாருமே இல்லையே. நீ எங்கேருந்து பாத்தே?”

ஹியாமின் கையில் போன் அதிர்ந்தது. இருவரும் குனிந்தார்கள். திரையில் உம் ரம்ஸி தன் வாசலில் நின்றிருந்தாள். முன்னால் ஹியாமின் முதுகு.

“முந்தாநாள் என் மருமக அழுதுட்டுப் போனாளே, அதையும் பாத்தியா?”

“நான் அதப்பத்தி ஒண்ணும் கேக்கலையே.”

“அதான் கேக்குறேன். பாத்துட்டு, ஏன்னு ஒரு வார்த்த கேக்கலையேடி.”

கதவு மூடியது. பூட்டு தானாக விழுந்தது. உம் ரம்ஸி தாலாவிடம் மருமகள் விஷயத்தைச் சொல்லி அழுதிருப்பாளோ என்றுதான் ஹியாமுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை தட்டு ஹியாமின் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை. மத்தியானம் சொந்தக்காரரின் ஆள் வந்து, எதிர்வீட்டிலிருந்து புகார் என்று சொல்லி, ஹியாமின் மணியை, கேமரா பக்கச் சுவரை மட்டும் பார்க்கும்படி திருப்பி மாட்டினான். அவள் இரண்டு ஜிப்பாவுக்குக் கை வைத்துத் தைத்தாள். நோன்பு திறக்கும்போது நாஸிம் ஆலிவ் கேட்டார். அந்தத் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.