நாற்பத்தேழு கிலோவுக்கு ஏற்ற ஸ்பிரிங்

பேச்சியம்மாள் டீச்சர் இறந்துபோன செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் வந்தது. பூனா நிக்டியில் எங்கள் வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அழைத்தவர் சுஹாஸ், எங்களோடு மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மராட்டிய நண்பர். "டீச்சர் நஹீ ரஹீ, செந்தில்" என்றார். டீச்சரும் அவரும் அன்று காலை மலைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை.

டீச்சரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அதனால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் நான் அவரை நினைக்கவில்லை, ஒரு போல்ட்டை நினைத்தேன். ஒன்பது நாட்களுக்கு முன்னால்தான் அவருடைய வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளை மாற்றி, மறுபடியும் பூட்டியிருந்தேன். இடது ஃபோர்க்கைப் பிடித்துக்கொள்ளும் கீழ்க் கிளாம்பில் போல்ட்டை முறுக்கும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து அதை முழுதாக முறுக்கினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சட்டை மாற்றிக்கொண்டு கோர்படியில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் அந்தப் போல்ட்தான்.

டீச்சருக்கு அம்பாசமுத்திரம் பக்கம். கணவர் பெருமாள் சாருக்கு இங்கே ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததால் கல்யாணமான கையோடு பூனா வந்தவர். இயற்பியல் ஆசிரியை. ஐம்பது வயது நிறைந்த மாதத்தில் ஒரு மலைப்பாதை மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே ஓடைக்கல் பாதையில் மூன்று முறை விழுந்தார். இன்னும் வேகமாகப் போனால் வண்டி நேராக நிற்கும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒவ்வொரு கல்லுக்கும் இது என்னைய எதுக்குத் தூக்கி எறியுது? நான் ஓட்டுறது தப்பா, வண்டி தப்பா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"வண்டியில தப்பு இல்லீங்க டீச்சர். எழுபத்தஞ்சு எண்பது கிலோ ஆளுக்குன்னு ஸ்பிரிங் போட்டிருக்காங்க. நீங்க ஏறி உக்காந்தா அது அமுங்கவே மாட்டேங்குது."

"நான் நாப்பத்தேழு கிலோ. அப்போ எனக்கு ஏத்த ஸ்பிரிங்கப் போட்டாத் தீந்துபோச்சு. இதுக்கு எதுக்கு நான் வேகமாப் போவணும்?"

அவர் பேச்சு அப்படித்தான். எத்தனையோ பேர் தங்களுக்குத் தைரியம் இல்லை என்று நினைத்து வண்டியை விற்றுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். டீச்சர் தன்னை நொந்துகொள்வதற்கு முன்னால் அளந்து பார்ப்பார்.

அடுத்த வாரம் அவர்கள் குடியிருப்பின் கீழே, வாகன நிறுத்தத்தில் வைத்து அளந்தோம். ஆள் ஏறி நிற்கும்போது வண்டி எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் டேப் வைத்து அளக்க, ஓட்டுபவர் மேலே ஏறி நிற்க வேண்டும். மூன்றாவது ஆளாகப் பெருமாள் சாரைத்தான் பிடித்தோம். மனைவி மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவருக்கு அறவே பிடிக்காது. பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஹேண்டில்பாரைப் பிடித்தார். டீச்சர் ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி நின்றார். எழுபது மில்லிமீட்டர் இறங்க வேண்டிய வண்டி நாற்பத்திரண்டுதான் இறங்கியது.

"இருபத்தாறு வருசமா போர்டுல ஸ்பிரிங்க வரைஞ்சு எடை தொங்கவிட்டுருக்கேன்" என்றார் டீச்சர் மேலே நின்றபடி. "நானே எடையாத் தொங்குதது இதான் முத தடவ."

பெருமாள் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். வண்டி சாய்ந்தது; நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

முதலில் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றினோம். முன்பக்கத்துக்குப் பொருத்தமான மெல்லிய ஸ்பிரிங் கிடைக்க இரண்டு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. வந்ததும் எங்கள் வீட்டுக்குக் கீழே வைத்து ஃபோர்க்கைப் பிரித்தோம். பழைய எண்ணெயை வடித்து, புதியதை அளந்து ஊற்றியது டீச்சர்தான். குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோலக் குனிந்து அளவுக்கோட்டைப் பார்த்தார். அன்றுதான் நான் சொன்ன அந்த அலுவலகப் போன் வந்தது.

கட்கியைத் தாண்டி ஒரு சிக்னலில் நின்றபோது சுஹாஸ் மறுபடியும் அழைத்தார். வண்டியை ஓரம் கட்டினேன். எடுத்த எடுப்பில், "விழுந்தாரா?" என்று கேட்டேன். இல்லை என்றார். ஏற்றம் முழுக்க டீச்சர் முன்னால் போயிருக்கிறார், சுஹாஸ் பின்னால். மேலே சமதளத்தில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார். கொஞ்சம் உட்கார்கிறேன் என்று ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தவர், சுஹாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாலையோரத்தில் நின்று அழுதேன். அதில் துக்கம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நிம்மதிதான் அதிகம். அதற்காக அப்போதே வெட்கமாகவும் இருந்தது.

காரியங்கள் முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். சுஹாஸ் வண்டியை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து கீழே நிறுத்தியிருந்தார். பையில் ஸ்பேனர் வைத்திருந்தேன். ஆனால் இழவு வீட்டில் போய் வண்டியைச் சோதிப்பது எப்படி? தொடாமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெருமாள் சார் படியிறங்கி வந்தார்.

"சார், போன் வந்தப்ப நான் டீச்சர நினைக்கலீங்க. போல்ட் விட்டுப்போச்சோன்னுதான் நினைச்சேன். என்னாலதான் ஆயிப்போச்சோன்னு…"

அவர் என் பையைப் பார்த்தார். "பாத்துருங்க. பாக்காமப் போனா உங்களுக்கு உறக்கம் வராது."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது கீழ்க் கிளாம்பில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். போல்ட் அசையவில்லை. முழுதாகத்தான் முறுக்கியிருக்கிறேன். ஸ்பேனரைப் பையில் போட்டேன்.

பெருமாள் சார் பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். "நானும் அந்த சுஹாஸ் தம்பிகிட்ட முதல்ல கேட்டது அதத்தான். வண்டியிலிருந்து விழுந்தாளான்னு. மூணு வருசமா போகாத, போகாதன்னு சண்ட போட்டேன். அன்னைக்குக் காலையிலதான், சரி, போயிட்டு வான்னு சொல்லி அனுப்புனேன். விழுந்து செத்தான்னு சொல்லியிருந்தா அந்த வார்த்தைய நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?" வண்டி சீட்டில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தார். "இல்ல, அவ நல்லா ஓட்டிட்டுப் போயி, எறங்கி உக்காந்துருக்கா. சிரிச்சுக்கிட்டே போயிருக்கா. அனுப்புனது நல்லதாப் போச்சு."

இருவரும் மேலே போய்க் காப்பி குடித்தோம். டீச்சரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அந்த வீட்டில் அன்று நாங்கள் இரண்டு முறை சத்தமாகச் சிரித்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டீச்சர் என்னிடம் கடைசியாகப் பேசியது இறப்பதற்கு மூன்று நாள் முன்னால். பள்ளி முடிந்து அழைத்திருந்தார். என்ன கோளாறோ என்று பதறி, "என்னாச்சுங்க டீச்சர்?" என்றேன். "ஒண்ணும் ஆவல. நேத்து மண் ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். கல்லு இருக்கதே தெரியல. சரியாச் செஞ்சுருக்கீங்க. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்" என்றார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. சரி சரி என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் போன் அழைப்பைத்தான். யாராவது ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் இப்போது அழைத்துச் சொல்கிறேன். போன வாரம் எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்த்தவரை அழைத்தேன். குரலைக் கேட்டதுமே பதறி, "ப்ராப்ளம் க்யா ஹை, சாப்?" என்று மூன்று முறை கேட்டார். பிரச்சினை ஒன்றுமில்லை, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது, அதைச் சொல்லத்தான் அழைத்தேன் என்றேன். மறுமுனையில் அவர் பெரிதாக மூச்சு விடுவது கேட்டது.