எழுபத்துமூன்றாம் போத்தல்

தேனுகாவை ஒரு கதிரையில் ஐந்து நிமிடம் இருத்தி வைப்பது பெரும் பாடு. கால் ஆடும். கையிலுள்ள பேனாவை அமத்தி அமத்தி டிக் டிக் என்று சத்தம் போடுவாள். கைபேசியை எடுப்பாள், பார்ப்பாள், மேசையில் வைப்பாள், வைத்த கையோடு மறுபடி எடுப்பாள். "உனக்குள்ள மோட்டர் ஏதும் பூட்டிக் கிடக்கோ?" என்று ஒருநாள் கேட்டேன். "ஓம் ஜெயந்தன் அண்ணை, நிப்பாட்டிற சுவிச்சைத்தான் காணேல்லை" என்றாள்.

வயது முப்பத்துநான்கு. வவுனியா நெளுக்குளத்தில் தாயோடு இருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, கொஞ்சப் புள்ளியால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவள். மாணவியாக உள்ளே போக முடியாத பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பதின்மூன்று வருடமாக வெளியே நின்று வேலை செய்கிறாள். நெல்லில் விழுகிற பூச்சியை எண்ணிக் கொடுத்திருக்கிறாள். கிணறு கிணறாக நுளம்புக் குடம்பி பிடித்திருக்கிறாள். மீளக் குடியேறிய பெண்களிடம் போய், இரவில் நித்திரை வருகிறதா என்று ஒரு வருடம் முழுக்கக் கேட்டாள். கேட்டவளுக்கு நித்திரை வருகிறதா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

நான் அவள் எழுதிக்கொண்டு வருவதைக் கணினியில் ஏற்றுகிறவன். ஆராய்ச்சிக்காரர்கள் தருகிற சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன் என்றாலும் அவர்கள் மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. வன்னியில் இரத்தம் கொடுக்காத, கிணற்றுத் தண்ணீர் கொடுக்காத, கேள்விக்குப் பதில் சொல்லிக் களைக்காத வீடு குறைவு. முடிவு இதுதான் என்று ஒரு துண்டுக் கடதாசியாவது திரும்பி வந்த வீடு அதைவிடக் குறைவு.

தேனுகாவின் தகப்பன் தங்கராசாவும் ஒருமுறை எங்கிருந்தோ வந்த ஆராய்ச்சிக் குழுவொன்றுக்கு இரத்தம் கொடுத்தவர். அவர்கள் நன்றி சொல்லி, தங்கள் பெயர் அச்சடித்த ஒரு தேநீர்க் கோப்பையும் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் இரண்டும் நெடுநாளைக்கு முன்பே பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார்கள். அதன் பிறகு அவர் எட்டு மாதம்தான் இருந்தார். "அவையின்ர பேப்பரில அப்பவே எழுதிக் கிடந்திருக்கும் அண்ணை. ஒராள் வந்து சொல்லியிருந்தால் போதும்" என்பாள். அந்தக் கோப்பை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் அவள் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை.

அதனால்தான் போகிற வீடெல்லாம், "முடிவை நானே கொண்டுவந்து தருவன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவாள். அப்படிச் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்கிற ஆளில்லை.

போன வருடம் நாங்கள் சேர்ந்த ஆராய்ச்சியும் சிறுநீரகம் பற்றியதுதான். பொறுப்பாக இருந்தவர் ஒரு வைத்தியப் பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம். நெளுக்குளத்துக்கு அங்காலுள்ள ஊர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு தெரிவானது. வீட்டுக்கு ஒரு விவசாயி. பின்னேரம் மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுப்பாள். அதில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். அடுத்த நாள் விடிய எழும்பியதும் போகிற சலத்தை அதில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவாள். இலக்கத்துக்குரிய பெயர் எழுதிய கொப்பி மேடத்தின் அலுமாரியில் பூட்டுப் போட்டு இருந்தது.

எழுபத்துமூன்று, கனகலிங்கத்தாருடைய இலக்கம். தங்கராசாவின் பழைய கூட்டாளி. ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவர். முகத்துக்கு ஒரு துணியும் கட்டாமல் பூச்சிமருந்து அடிப்பார். படிவம் நிரப்பிய அன்று, மனைவி என்ன வேலை செய்கிறார் என்று தேனுகா கேட்டாள். "அவா வீட்டில சும்மாதான்" என்றார். அந்த நேரம் மனைவி நேசமலர் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வயலிலிருந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு ஒருவர்தானே, கனகலிங்கத்தார் பெயரே விழுந்தது. மனைவி, தொழில் இல்லை என்று கணினியில் ஏற்றியவன் நான்தான்.

அந்த வீட்டில் போத்தல் இலேசில் கிடைக்கவில்லை. முதல் நாள் ஆறு மணிக்குப் போனால் மனிதர் வயலுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று மனைவியைச் சொல்ல வைத்தார். "அவருக்கு வெக்கம் பிள்ளை" என்று நேசமலர் சிரித்தார். தேனுகா விடவில்லை. மூன்றாம் நாள் போத்தல் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு சொப்பிங் பைக்குள் பத்திரமாக வந்தது. கொண்டுவந்து தந்தவரும் நேசமலர்தான். அன்றைக்குத் தேனுகா அலுவலகத்துக்கு வந்து, "எழுபத்துமூண்டு விழுந்திட்டுது!" என்று தேர்தலில் வென்றவர் போல அறிவித்தாள்.

மாரி மழை விட்டு நெல் பொத்திக்கு வந்த நேரம் ஆய்வுகூடத்திலிருந்து பட்டியல் வந்தது. நான்தான் அச்செடுத்தேன். இலக்கமும் அளவும் மட்டும். பதினொரு இலக்கத்தில், சிறுநீரகம் பழுதாவதற்கு அடையாளமாகக் கூடிய புரதம் கூடுதலாக இருந்தது. பத்தில் கொஞ்சம்தான் கூட. ஒன்றில் மிக அதிகம். தேனுகா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பேனாச் சத்தம் நின்றது.

"அது கனகலிங்க மாமா" என்றாள்.

பூட்டிய கொப்பி எதற்கு, அவளுடைய தலைக்குள்ளே எல்லாம் இருக்கிறது. உடனே மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மேடம் பொல்லாதவர் அல்ல. பொறுமையாகத்தான் சொன்னார். ஒரே ஒரு போத்தலை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக்கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்ததும் பதினொரு பேருக்கும் கடிதம் போகும், இரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

"எப்ப மேடம் அனுமதி வரும்?"

"ரெண்டு மாசம் ஆகலாம். வீட்டுக்கு வீடு போய்ப் பயப்பிடுத்தாதேங்கோ, தேனுகா."

அந்த ஒரு கிழமை அவள் பட்ட பாடு அவளோடு ஒரே அறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு படிவத்தை மூன்று தரம் சரிபார்ப்பாள், நாலாந்தரம் பிழை விடுவாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு எழும்பி வாசலுக்குப் போவாள். தெருவைப் பார்ப்பாள். கனகலிங்கத்தார் உரம் வாங்கப் பட்டணம் வந்தபோது கண்டிருக்கிறாள். அவர் கையைக் காட்டியிருக்கிறார். இவள் காணாதவள் மாதிரி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அழுதாள். எனக்கும் அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை. பட்டியலை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன், பிறகு திறந்து பார்த்தேன், இலக்கம் அதே இடத்தில்தான் இருந்தது.

"ரெண்டு மாசம் பெரிசில்லைத்தானே" என்றேன்.

"அப்பாவுக்கும் பெரிசில்லை எண்டுதான் அவை நினைச்சிருப்பினம்."

"வேலை போகும், பிள்ளை."

"போகட்டும். ஸ்கூட்டர் கராஜில. கொண்டுபோய் விடுறியளோ, இல்லையோ?"

விட்டேன். என்னுடைய மோட்டார் சைக்கிளில்தான். வழி முழுக்க அவள் பின்னுக்கிருந்து, என்ன சொல்வது எப்படித் தொடங்குவது என்று என்னிடமே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். வருத்தம் என்ற சொல்லை முதலில் சொல்லக்கூடாது, தண்ணீரைக் குறை சொல்லக்கூடாது, சிரித்த முகமாய் இருக்க வேண்டும்.

கனகலிங்கத்தார் முற்றத்தில் மருந்து அடிக்கிற இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நேசமலர் எங்களைக் கண்டதும், "இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்" என்று குசினிக்குள் போனார். அவருடைய கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ஆழமாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் தேனுகாவுக்கு மறந்து போயிற்று.

"மாமா, உங்கட சலத்தில புரதம் கனக்கப் போகுது. இன்னும் வருத்தம் எண்டு சொல்லேலாது. ஆனா திருப்பிப் பார்க்கவேணும். கடிதம் வருமட்டும் இருக்காதேங்கோ, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சும்மா சிரிப்பல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எடி பிள்ளை, என்னை நல்லாப் பயப்பிடுத்திப்போட்டாய்! அது என்ர இல்லையடி."

"என்ன மாமா சொல்லுறியள்?"

"நீ தங்கராசாவின்ர பிள்ளை. தூக்கி வளர்த்த உன்னட்டை நான் உதைக் குடுத்திட்டு, பிறகு எந்த முகத்தோட கதைக்கிறது? எனக்கு வெக்கமாக் கிடந்துது. நீயோ விடுறாயில்லை. அதுதான் இவளிட்டச் சொன்னனான், நீயே பிடிச்சுக் குடு எண்டு, ஆற்ர எண்டு அவைக்குத் தெரியவோ போகுது எண்டு..."

வாயில் சிரிப்பு இன்னும் இருந்தது. கண்ணில் இல்லை. அவர் குசினிப் பக்கம் திரும்பினார்.

தேனுகாவின் கால் ஆடவில்லை. கை எதையும் தேடவில்லை. அவளை நான் அறிந்த இத்தனை வருடத்தில் அவள் அசையாமல் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு அது பயமாக இருந்தது. அவள் அன்றைக்கு வந்து சொல்லாமல் விட்டிருந்தால், கடிதம் வந்து, கனகலிங்கத்தார் போய் இரத்தம் கொடுத்து, ஒன்றுமில்லை என்று முடிவாகி, எழுபத்துமூன்றைப் பிழையான போத்தல் என்று நானே அழித்திருப்பேன். தொழில் இல்லை என்று நான் எழுதிய மனுசியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

நேசமலர் தட்டில் தேத்தண்ணியோடு வந்தார். "என்ன பெரிய பகிடி? குசினி மட்டும் கேட்குது."

அவர் புருசனுடைய முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் ஒன்றாக இருந்தவர்கள், அது போதும். தட்டைக் கதிரையில் வைத்தார்.

"அண்டைக்கு நான் குடுத்த போத்தலோ, பிள்ளை?"

"ஓம் மாமி" என்றாள் தேனுகா. "திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பம் மாமி. வெள்ளனக் கண்டால் மருந்து இருக்கு."

"அவர் மருந்தடிக்கிறவர் எண்டு நான் அவருக்கெல்லோ யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான்" என்றார் நேசமலர்.

தேனுகா மாமரத்துக்குக் கீழே போய் மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிப்போட்டன் மேடம், அது அவரின்ர இல்லை மேடம், அவற்ற மனுசியின்ர. மேடம் கத்திய கத்தல் எனக்கு நின்ற இடத்தில் கேட்டது. பிறகு, நாளைக்குக் காலமை அவாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாங்கோ, நானே பார்க்கிறன் என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: இப்படி இன்னும் எத்தனை போத்தல்?

தெரியாது. அதுதான் அவளை இப்போதும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறது. வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி போகிறாள், அன்றைக்குத் தந்தது உங்கடதானோ என்று ஒவ்வொரு பெரிய மனிதரிடமும் கேட்க. இதுவரை ஒன்பது பேர் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். அவர்கள் கை காட்டிய ஒன்பது மனைவிமாரும் மருமகள்மாரும் எங்கள் படிவத்தில் தொழில் இல்லாதவர்கள்.

அன்றைக்கு மரத்தடியிலிருந்து திரும்பி வந்து தேனுகா பையைத் திறந்தாள். அவளுடைய பையில் எப்போதும் புதுப் போத்தல் ஒன்றிரண்டு கிடக்கும். ஒன்றை எடுத்தாள். இலக்கம் எழுதவில்லை. நேசமலர் கனகலிங்கம் என்று முழுப் பெயரை எழுதி ஒட்டி, நேசமலரின் கையில் கொடுத்தாள்.

நேசமலர் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புருசனிடம் போத்தலை நீட்டினார்.

"இந்தாங்கோ. இந்த முறை நீங்கள் பிடிச்சுத் தாங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

பகிடியாகத்தான் சொன்னார். கனகலிங்கத்தார் சிரிக்கவில்லை. சவர்க்கார நுரை காயாத இரண்டு கையாலும் அதை வாங்கினார்.

"தரேலுமெண்டால் தந்திடுவன், நேசம்" என்றார்.

பிறகு அந்தப் போத்தலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. நேசமலர்தான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்துக்கொண்டு போனார்.